காலி லிஸ்டை டிஃபால்ட்டாக வைத்தால் அடுத்த படகின் சிட்டையில் ஏன் கூடுகிறது?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீ கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாம்பனில் மீன் எடுக்கும் வியாபாரியான உன் மாமாவின் கணக்கை நோட்டிலிருந்து லேப்டாப்புக்கு மாற்ற, பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு படகாக, பெட்டி பெட்டியாக மீன் பெயரையும் கிலோவையும் அடித்து, ஒரு படகு முடிந்ததும் அதன் மீன் கணக்குச் சீட்டான சிட்டையை பிரிண்ட் எடுத்துப் படகு உரிமையாளரான சம்மாட்டியிடம் கொடுக்கிறாய். முதல் படகுக்குக் கணக்கு சரியாக வருகிறது. இரண்டாவது படகின் சிட்டையில் முதல் படகின் நண்டும் கணவாயும் சேர்ந்து வருகிறது, மூன்றாவதில் இரண்டு படகின் மீனும் இருக்கிறது, புரோகிராமை மூடித் திறந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. "லிஸ்டைக் காலியாகத்தானே வைத்திருக்கிறேன் அண்ணே, பழைய மீன் எங்கேயிருந்து வருகிறது? ஏற்கெனவே கொடுத்த மூன்று நாள் சிட்டையை என்ன செய்வது?" இதுதான் உன் கேள்வி.

பிரச்சினை முழுக்க இந்த மூன்று வரியில் இருக்கிறது. கீவேர்டுகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், எடிட்டரில் நீ வழக்கம்போல அடித்துக்கொள். ஃபங்ஷன் பெயரும் மாறிகளின் பெயரும் தமிழில் இருந்தால் பைத்தான் 3 அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

டெஃப் பெட்டி_சேர்(மீன், கிலோ, சிட்டை=[]):
    சிட்டை.அப்பெண்ட்((மீன், கிலோ))
    ரிட்டர்ன் சிட்டை

"யாரும் சிட்டை தராவிட்டால் புதிதாக ஒரு காலி லிஸ்ட் எடுத்துக்கொள்" என்று நினைத்து சிட்டை=[] என்று எழுதியிருக்கிறாய், இப்படித் தராதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்புதான் டிஃபால்ட். கல்லூரியில் ஜாவாஸ்கிரிப்ட் படித்தேன் என்று சொன்னாயே, அங்கே அப்படித்தான் நடக்கும், ஒவ்வொரு அழைப்பிலும் டிஃபால்ட் புதிதாகக் கணக்கிடப்படும். பைத்தானில் ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் என்பதே ஓடக்கூடிய ஒரு கட்டளை. அந்த வரி ஓடும்போது ஃபங்ஷன் என்ற ஆப்ஜெக்ட் உருவாகிறது, டிஃபால்ட்களும் அப்போதே இடமிருந்து வலமாக ஒரே ஒரு தடவை கணக்கிடப்பட்டு அந்த ஃபங்ஷனோடு சேர்த்துக் கட்டி வைக்கப்படுகின்றன. பிறகு நீ ஆயிரம் தடவை கூப்பிட்டாலும், சிட்டை தராமல் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அதே பழைய லிஸ்டைத்தான் எடுத்து நீட்டும். படகு வரும்போதெல்லாம் புதுத் தாள் கிழித்துக் கொடுப்பதற்குப் பதிலாக, கொட்டகைத் தூணில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரே நோட்டில் எல்லோரையும் எழுதச் சொல்வது போல.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீயே பார். பெட்டி_சேர்.__டிஃபால்ட்ஸ்__ என்று பிரிண்ட் செய்தால் ஒரு டியூப்பிள் வரும், அதற்குள் அந்த லிஸ்ட் இருக்கும். ஒரு படகை அடித்து முடித்துவிட்டு மறுபடி பிரிண்ட் செய். காலியாக இருந்த இடத்தில் நண்டும் காரலும் உட்கார்ந்திருக்கும். இன்னொன்றையும் கவனி: இரண்டாவது படகில் கூடுகிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறாய், ஆனால் முதல் படகின் சிட்டையும் பின்னாலேயே கூடிக்கொண்டுதான் இருக்கிறது, இரண்டும் ஒரே லிஸ்ட் என்பதால். படகு முடிந்த உடனே பிரிண்ட் எடுத்ததால் உனக்கு அது தெரியவில்லை. சாயங்காலம் மொத்தமாக எடுத்திருந்தால் எல்லாப் படகுக்கும் ஒரே கணக்கு வந்திருக்கும். இந்த வித்தியாசம் கடைசியில் நமக்கு உதவப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்.

சரி, திருத்தம்.

டெஃப் பெட்டி_சேர்(மீன், கிலோ, சிட்டை=நன்):
    இஃப் சிட்டை இஸ் நன்:
        சிட்டை = []
    சிட்டை.அப்பெண்ட்((மீன், கிலோ))
    ரிட்டர்ன் சிட்டை

நன் என்பது பைத்தானில் "ஒன்றும் தரப்படவில்லை" என்பதற்கான மதிப்பு, அதை யாராலும் மாற்ற முடியாது. காலி லிஸ்ட் இப்போது ஃபங்ஷனின் உடம்புக்குள் உருவாகிறது, அதனால் தேவைப்படும் ஒவ்வொரு அழைப்பிலும் புதிது வரும். ஒரு படகின் முதல் பெட்டிக்கு மட்டும் சிட்டை தராமல் கூப்பிடு, அது திருப்பித் தரும் லிஸ்டை அதே படகின் அடுத்த பெட்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டே போ.

இதைச் சுருக்கமாக எழுதலாமே என்று சிட்டை = சிட்டை ஆர் [] என்று பலர் எழுதுவார்கள், நீ எழுதாதே. காலி லிஸ்டையும் பைத்தான் பொய் என்றே எடுத்துக்கொள்ளும். நாளைக்கு நீ வெளியே அன்றைய_சிட்டை = [] என்று ஒன்று வைத்து, அதை இந்த ஃபங்ஷனுக்குக் கொடுத்து, திரும்பி வருவதை வாங்காமல் விட்டால் என்ன ஆகும்? நீ கொடுத்த காலி லிஸ்டை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு புது லிஸ்டில் எழுதும், வெளியே இருப்பது கடைசி வரை காலியாகவே இருக்கும். முன்னது கணக்கைக் கூட்டிக் காட்டுகிற பிழை, இது கணக்கையே விழுங்கிவிடுகிற பிழை. "தரவில்லை" என்பதும் "காலியாகத் தந்தேன்" என்பதும் வேறு வேறு சங்கதி, அதைப் பிரித்துச் சொல்வது இஸ் நன் மட்டுமே. == போட்டு ஒப்பிடுவதும் வேண்டாம். பாண்டாஸ், நம்பை என்ற நூலகங்களின் டேபிளோ அரேயோ உள்ளே வந்தால் == ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக ஒப்பிட்டு ஒரு பெரிய விடையைத் தரும், அதை இஃப் தாங்காது.

இப்போது உன் கேள்வியைக் கொஞ்சம் அகலமாக எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உன் கோடில் இன்னும் பதினைந்து இருபது டிஃபால்ட்கள் இருக்கின்றன, எது ஆபத்து எது இல்லை என்று நீயே பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். நான் ஒரு டிஃபால்ட்டைப் பார்த்தால் மூன்று விஷயம் கேட்பேன். இருக்கிற இடத்திலேயே இதை மாற்ற முடியுமா? எந்த நேரத்தில் கணக்கிட்டோம் என்பதைப் பொறுத்து இது மாறுமா? யாரும் கவனிக்காமல் விட்டால் இது ஒரு பொய்யான கணக்கைச் சொல்லிவிடுமா?

முதல் கேள்வி வகையைப் பற்றியது. முழு எண், தசம எண், ஸ்ட்ரிங், ட்ரூ, ஃபால்ஸ், நன், டியூப்பிள், ஃப்ரோசன்செட், தேதி, டெசிமல் எல்லாம் மாற்ற முடியாதவை, தைரியமாக வைக்கலாம். லிஸ்ட், டிக்‌ஷனரி, செட், பைட்அரே, நீயே எழுதிய சாதாரண கிளாஸின் ஆப்ஜெக்ட், பாண்டாஸ் டேபிள் இவையெல்லாம் தூணில் தொங்கும் நோட்டுதான். டியூப்பிளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: டியூப்பிளை மாற்ற முடியாது, ஆனால் அதற்குள் ஒரு லிஸ்டை வைத்தால் அந்த லிஸ்டை மாற்றலாம். ([], []) என்று டிஃபால்ட் வைப்பதில் ஒரு பாதுகாப்பும் இல்லை.

"நான் ஃபங்ஷனுக்குள் அதை மாற்றவே இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். உண்மையாகவே மாற்றாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த லிஸ்டை ரிட்டர்ன் செய்துவிட்டால் கூப்பிட்டவன் வெளியே போய் மாற்றுவான், கிளாஸுக்குள் செல்ஃப் என்ற ஆப்ஜெக்ட்டில் போட்டு வைத்தால் வேறொரு ஃபங்ஷன் மாற்றும், ஆறு மாதம் கழித்து வருகிற ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஒரு += சேர்ப்பார், += லிஸ்டை இருந்த இடத்திலேயே நீட்டும். அதனால் படிக்க மட்டும் தேவைப்படுகிற பட்டியலுக்கு நான் காலி டியூப்பிள், அதாவது (), வைப்பேன். உன் சிட்டை_அச்சிடு ஃபங்ஷனில் விடவேண்டிய_மீன்கள்=[] என்று இருக்கிறதே, அதை அப்படியே () என்று மாற்றிவிடு. சுற்றிவரவும், இன் போட்டுத் தேடவும் டியூப்பிள் லிஸ்ட் போலவே நடந்துகொள்ளும், யாராவது அப்பெண்ட் செய்யப் பார்த்தால் மட்டும் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். இதற்கு இஃப் இஸ் நன் வரி எதுவும் வேண்டாம். உள்ளே மாற்றவும் வேண்டும், கூப்பிட்டவனின் பட்டியலைத் தொடவும் கூடாது என்றால், டிஃபால்ட் () வைத்து முதல் வரியில் லிஸ்ட்(...) போட்டு நகல் எடுத்துக்கொள், இரண்டு வேலையும் முடிந்தது.

டைப் குறிப்பு எழுதுகிறாய் என்றால் இது இன்னும் உறுதிப்படும். அந்த ஆர்குமென்ட்டை லிஸ்ட் என்று குறிக்காமல் சீக்வென்ஸ் என்று குறி. சீக்வென்ஸ் என்றால் படிக்கலாம், அவ்வளவுதான். உள்ளே யாராவது அப்பெண்ட் எழுதினால், டைப் சரிபார்க்கும் கருவிகளான மைபையோ பைரைட்டோ புரோகிராம் ஓடுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும். டிக்‌ஷனரிக்கு அதே மாதிரி மேப்பிங். நன் டிஃபால்ட் வைக்கும் இடத்தில் லிஸ்ட் | நன் என்று வெளிப்படையாக எழுது, பைத்தான் 3.10 முதல் இந்த எழுத்துமுறை இருக்கிறது. வெறும் லிஸ்ட் என்று குறித்துவிட்டு = நன் போடுவதை முன்பு மைபை பொறுத்துக்கொண்டது, 2022-ல் வந்த 0.990 பதிப்பிலிருந்து இயல்பாகவே அதைத் தவறு என்கிறது. அதுதான் சரி, ஏனென்றால் நன் வரும் என்று எழுதியிருந்தால்தான் அதைச் சோதிக்காமல் பயன்படுத்திய வரியை அது உனக்குக் காட்டும்.

இரண்டாவது கேள்வி நேரத்தைப் பற்றியது. இதில் நானே அடிபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் மண்டபம் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனிக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பில்_போடு(படகு, பார், தேதி=இன்று()) என்று ஒரு வரி, பார் என்றால் ஐஸ் கட்டி. தேதி என்ற வகை மாற்ற முடியாதது, முதல் கேள்வியில் தேறிவிடும். நான் எழுதியது மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்குமான அந்த 61 நாளில் விசைப்படகு போகாததால் ஐஸ் வியாபாரம் மந்தம், சாயங்காலமானால் புரோகிராமை மூடிவிட்டுப் போய்விடுவார்கள், மறுநாள் திறந்தால் அன்றைய தேதி சரியாக வரும். ஒரு பிழையும் தெரியவில்லை. தடை முடிகிற ராத்திரி எல்லா விசைப்படகும் ஒரே நேரத்தில் ஐஸ் ஏற்ற வந்தது. ஜூன் 14 சாயங்காலம் திறந்த புரோகிராமை அதற்குப் பிறகு யாரும் மூடவில்லை. 15-ம் தேதி, 16-ம் தேதி போட்ட பில்லெல்லாம் 14 என்றே விழுந்தது. இன்று() என்பது டெஃப் வரி ஓடிய நொடியில் ஒரே தடவை கணக்கிடப்பட்டு அங்கேயே நின்றுவிட்டது. கம்பெனிக் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு பில்லாக எடுத்துக் கையால் தேதி திருத்தினார், அந்த உழைப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆகவே டிஃபால்ட் இடத்தில் அடைப்புக்குறியோடு ஒரு ஃபங்ஷன் அழைப்பைப் பார்த்தாலே நின்று யோசி. இன்றைய தேதி, இப்போதைய நேரம், தற்செயல் எண், புது பில் எண், ஃபைல் திறப்பது, டேட்டாபேஸ் இணைப்பு எதுவானாலும் நன் வைத்துவிட்டு உள்ளே போய்க் கணக்கிடு.

மூன்றாவது கேள்வியைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன், பைத்தான் பாடங்களில் இதை அதிகம் சொல்லித்தருவதும் இல்லை. உன் கோடில் கிலோ=0 என்று ஓரிடத்தில் இருக்கிறது. பூஜ்ஜியம் மாற்ற முடியாதது, நேரத்தைப் பொறுத்ததும் இல்லை, இருந்தும் அது ஆபத்தானது. தராசில் ஏற்றாமல் விட்ட ஒரு நண்டுப் பெட்டியும், எடை பார்த்தும் ஒன்றும் இல்லாத பெட்டியும் அதில் ஒன்றாகிவிடும். மொத்தம் குறையும், யாருக்கும் சத்தம் கேட்காது, அந்தக் குறைவு கடலுக்குப் போன ஆட்களின் பங்கில் போய் விழும். எடை தெரியாது என்பதைச் சொல்ல வேண்டுமானால் நன் வை. கூட்டும்போது எண்ணோடு நன் சேராமல் பைத்தான் பிழை காட்டி நிற்கும், அப்படி நின்றால் எழுந்து போய்ப் பெட்டியைத் தராசில் ஏற்றலாம்.

அதைவிட ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: விலை, கழிவு, முன்பணப் பிடித்தம் இந்த மாதிரி ஒருவர் வயிற்றோடு சம்பந்தப்பட்ட எதற்கும் டிஃபால்ட் வைக்காதே. கழிவு_சதவீதம்=5 என்று எழுதிவைத்தால், வேறு பேச்சு பேசிய சம்மாட்டிக்கும் ஒரு நாள் மறதியில் அதுவே விழும். டிஃபால்ட் இல்லாவிட்டால், தர மறந்தால் பைத்தான் கேட்கும். அந்த ஆர்குமென்ட்களுக்கு முன்னால் ஒரு தனி * போட்டுவிடு, அதற்குப் பின்னால் வருபவற்றைப் பெயர் சொல்லித்தான் கொடுக்க முடியும், அதனால் விலையும் எடையும் இடம் மாறி விழுகிற வாய்ப்பும் இல்லாமல் போகும்.

நன் என்பதே ஓர் அர்த்தமுள்ள விடையாக இருக்கிற இடம் எப்போதாவது வரும். உதாரணமாக, சிட்டையைத் திருத்துகிற ஃபங்ஷனில் "எடையைத் தொடாதே" என்பதும் "எடையை அழித்துவிடு" என்பதும் வேறு. அப்போது ஃபைலின் மேலே _தரவில்லை = ஆப்ஜெக்ட்() என்று தனியாக ஒன்றை உருவாக்கி அதை டிஃபால்ட்டாக வைத்து, இஸ் போட்டுச் சோதி. உலகத்தில் வேறெந்த மதிப்பும் அதுவாக இருக்க முடியாது.

கிளாஸ் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிடு. படகு என்ற கிளாஸுக்குள் நேரடியாகப் பெட்டிகள் = [] என்று எழுதியிருந்தால் எல்லாப் படகுக்கும் ஒரே பெட்டிகள், இதே வியாதிதான், __இனிட்__ உள்ளே செல்ஃப்.பெட்டிகள் = [] என்று மாற்ற வேண்டும். டேட்டாகிளாஸ் பயன்படுத்தினால் லிஸ்ட், டிக்‌ஷனரி, செட் மூன்றையும் டிஃபால்ட்டாக வைக்கவே விடாது, பிழை காட்டி, ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் புதிதாக உருவாக்கித் தரும் டிஃபால்ட்_ஃபேக்டரி பயன்படுத்தச் சொல்லும். 3.11 முதல் ஹாஷ் செய்ய முடியாத, அதாவது டிக்‌ஷனரியில் சாவியாக வைக்க முடியாத, எந்த மதிப்பையும் மறுக்கிறது. ஆனால் நீயே எழுதிய சாதாரண கிளாஸின் ஆப்ஜெக்ட் ஹாஷ் ஆகும், அதனால் அது இந்தக் காவலைத் தாண்டிப் போய்விடும், அங்கே நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். டிக்‌ஷனரியில் ஃப்ரம்கீஸ் போட்டு எல்லாப் படகுப் பெயருக்கும் ஒரு காலி லிஸ்டைக் கொடுப்பதும் இந்தக் குடும்பம்தான், எல்லாப் பெயருக்கும் அதே ஒரு லிஸ்ட்தான் போகும்.

ஏன் இப்படி வைத்தார்கள், திருத்தக் கூடாதா என்று உனக்குத் தோன்றும். கிறிஸ் ஏஞ்சலிகோ 2021-ல் 671 என்ற எண்ணுள்ள பெப்பை, அதாவது பைத்தானை மாற்றுவதற்கான முறையான முன்மொழிவை, எழுதினார், அழைக்கும்போது கணக்கிடுகிற டிஃபால்ட்டுக்கு => என்ற தனிக் குறி வேண்டும் என்று, அதுவும் இருக்கிற = குறியின் அர்த்தத்தை மாற்றச் சொல்லவில்லை. ஒரே தடவை கணக்கிடுவதை நம்பி எழுதப்பட்ட கோடு நிறைய இருக்கிறது, உனக்கே அது தேவைப்படும். உன் திரையில் நண்டு, கணவாய், இறால், காரல் என்று மீனுக்கு ஒரு பட்டன் ஃபார் லூப்பில் உருவாக்குகிறாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு லேம்ப்டா, அதாவது பெயரில்லாத சின்ன ஃபங்ஷன். எந்த பட்டனை அமுக்கினாலும் கடைசி மீனே விழுகிறது என்று கேள்வியின் ஓரத்தில் எழுதியிருந்தாயே, அதற்கு லேம்ப்டா மீன்=மீன்: என்று டிஃபால்ட்டாகக் கட்டிவிட்டால் போதும், லூப் அந்தச் சுற்றில் வைத்திருந்த மீனை அங்கேயே பிடித்துக்கொள்ளும். இந்த இடத்தில் பைத்தானின் வழக்கம் நமக்குச் சாதகம்.

எல்லா ஃபைலையும் கண்ணால் தேட வேண்டாம். கோடைச் சரிபார்க்கும் பைலின்ட் என்ற கருவியை ஓட்டினால் டபிள்யூ0102 என்ற எண்ணோடு இந்த லிஸ்ட் டிஃபால்ட்களைக் காட்டும். அதே மாதிரிக் கருவியான ரஃப் வைத்திருந்தால் அதன் பி விதிகளை இயக்கு, பி006 மாற்றக்கூடிய டிஃபால்ட்டையும் பி008 டிஃபால்ட்டில் இருக்கும் ஃபங்ஷன் அழைப்பையும் பிடிக்கும், அதாவது என் ஐஸ் கம்பெனிப் பிழையையும். கிலோ=0 மாதிரியானதை எந்தக் கருவியும் பிடிக்காது, அதற்கு நீயும் மாமாவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேச வேண்டும். திருத்திய பிறகு ஒரு சோதனை எழுதிவை: சிட்டை தராமல் இரண்டு தடவை கூப்பிட்டு, இரண்டாவது விடையில் ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறதா என்று பார்க்கிற இரண்டு வரி. நீ இதுவரை புரோகிராமைத் திறந்து ஒரு படகை மட்டும் அடித்துப் பார்த்துத்தான் சோதித்திருப்பாய், ஒரு படகில் இந்தப் பிழை வெளியே வராது.

கடைசியாக அந்த மூன்று நாள் சிட்டை. இதை முழுவதுமாக மீட்டுவிடலாம், பதற்றம் வேண்டாம். ஒரு படகு முடிந்த பிறகுதான் அடுத்த படகைத் தொடங்கினேன், உடனே பிரிண்ட் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பெண்ட் எப்போதும் கடைசியில்தான் சேர்க்கும், எனவே இரண்டாவது சிட்டையின் தொடக்கம் முதல் சிட்டை அப்படியேதான். முதல் சிட்டையில் 9 வரி என்றால் இரண்டாவதில் மேலே உள்ள 9 வரியை அடித்துவிடு, மிச்சம் இரண்டாவது படகுடையது. மூன்றாவதில், இரண்டாவது பிரிண்ட்டில் அடிப்பதற்கு முன் மொத்தம் எத்தனை வரி இருந்ததோ அத்தனையையும் மேலிருந்து அடி. நடுவில் புரோகிராமை மூடித் திறந்திருந்தால் அந்த இடத்தில் கணக்கு புதிதாகத் தொடங்கியிருக்கும், மேல் வரிகள் முந்தைய பிரிண்ட்டோடு ஒத்துப்போகாததிலிருந்து அது தெரியும், அங்கிருந்து அதை முதல் படகாக வைத்துக்கொள். பிழை பின்னால் வந்த படகுகளுக்குக் கூடுதலாகக் காட்டியிருப்பதால் பணம் போனது மாமா கையிலிருந்துதான், முதல் படகுக்காரர்களுக்குக் குறைந்திருக்காது. திருத்திய சிட்டையை இரண்டு பிரதி எடுத்து, பழையதையும் பக்கத்தில் வைத்து, எந்த வரி எந்தப் படகிலிருந்து வந்தது என்று பேனாவால் குறித்து, சம்மாட்டிகளிடம் மாமாவோடு நீயும் போய்க் காட்டிவிடு. கூடுதலாகப் போன பணத்தை அடுத்த நடையில் கழிப்பதா விடுவதா என்பதை அவர்கள் பேசி முடிக்கட்டும், அதுவரை புரோகிராமில் அதைத் தானாகப் பிடிக்கிற வரி எதையும் எழுதிவிடாதே.